வீங்காத தலை

வெள்ளி, காலை 8.20: மூதூர்ப் படகின் கூரைக் கம்பியில் மகனின் தலை மோதியது.
வெள்ளி, மாலை: தலைவலி. இரத்த உறைவுக் காரணி ஏற்றப்படவில்லை.
சனி, காலை 5.40: இருமுறை வாந்தி. 6.30: மருத்துவமனை. உடனே காரணி, பிறகு ஸ்கேன். மண்டையோட்டினுள் இரத்தக் கசிவு.
திங்கள், பிற்பகல் 2.15: மரணம். வயது முப்பத்தொன்று.

மகனுக்கு ஹீமோபீலியா. இரத்தத்தை உறையச் செய்யும் எட்டாம் காரணி அவனுடைய உடலில் மிகக் குறைவு. கிளினிக்கில் தரும் காரணிக் குப்பிகள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் தயிர்ச் சட்டிக்கும் பாரை மீனுக்கும் நடுவே குடியிருந்தன. விருந்தினர் எட்டிப் பார்த்தால், "அது என்ட பங்கு, தொடாதேங்கோ" என்பான்.

முழங்கால் நொந்தால் நான் தையல் நாடாவால் சுற்றளவு எடுப்பேன். அரை அங்குலம் கூடியிருந்தால் அவனே தன் நரம்பில் ஊசி ஏற்றிக்கொள்வான். பௌதிகவியல் ஆசிரியனான எனக்கு அளவீட்டில் உள்ள மோகம் அது. கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த மற்றப் பெற்றோருக்கும் அம்முறையைப் பெருமையோடு காட்டிக்கொடுத்தேன்.

அந்த வெள்ளி மாலை அவனைக் கதிரையில் இருத்தி, மயிரை விலக்கிப் பார்த்தேன். வீக்கம் இல்லை.

"நாடாவை எடுக்கட்டோ?"

"உங்கட நாடா காணாதப்பா. பிறக்கேக்கயே பெரிய தலையெண்டு அம்மா சொன்னவ."

"நோகுதோ?"

"ஓம், கொஞ்சம். நீங்கள் வகுப்பெடுக்கிற மாதிரிக் கதைச்சா இன்னும் நோகும்."

இருவரும் சிரித்தோம். வெளியே எடுத்திருந்த குப்பியைத் தயிருக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தேன். அவன் இரண்டு குழல் பிட்டுச் சாப்பிட்டான்.

மறுநாள் வைத்தியர் என்னைத் தனியே அழைத்தார். குறை சொல்லும் குரலில்லை.

"ஐயா, தலையில அடிபட்டா வீக்கம் பார்த்துக்கொண்டு நிக்க ஏலாது. இரத்தம் உள்ளுக்க கசிஞ்சா எலும்பு வெளிய விடாது, மூளையைத்தான் நெரிக்கும். முதல் காரணி. பிறகுதான் ஸ்கேனும் மற்றதும்."

மூடிய பாத்திரத்தில் அமுக்கம் எவ்வாறு கூடும் என்பதை நான் முப்பது வருடம் கற்பித்திருக்கிறேன்.

இன்னும் செய்யாதவை:
– கூரைக் கம்பிக்குப் பழைய டயர் ரப்பர் சுற்றும்படி படகுக்காரரிடம் கேட்பது.
– மீதமுள்ள நான்கு குப்பிகளைக் கிளினிக்கில் ஒப்படைப்பது. காலாவதியாக இன்னும் நாளிருக்கிறது.
– அதே வாங்கில் உட்கார்ந்து, நாடா தலைக்கு உதவாது என்று அந்தப் பெற்றோரிடம் சொல்வது. மூன்று கிளினிக் நாட்கள் போய்விட்டன.