அம்மாவுக்குக் கீபோர்டு வாங்கிய கதை

எங்கள் வீட்டில் என் பேச்சு முதன்முதலாக எடுபட்டது ஒரு சனிக்கிழமை, கல்கத்தா சாந்தினி மார்க்கெட்டில், ஒரு கம்ப்யூட்டர் கடையில். அப்போது நான் ஆறாம் வகுப்பு. அதற்கு முன்னால் ஊறுகாய் பாட்டில் வாங்குவதில்கூட யாரும் என்னை யோசனை கேட்டது கிடையாது. அன்று கேட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. நானாகத்தான் வாயைத் திறந்தேன், திறந்த பிறகு அவர்களால் மூட முடியவில்லை.

கதை அம்மாவின் விரல்களில் தொடங்குகிறது. அம்மா மாயவரத்தில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் படித்தவள். இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டிலும் ஃபர்ஸ்ட் கிளாஸ். கல்யாணம் ஆகிக் கல்கத்தா வந்த பிறகு அந்த இரண்டு சான்றிதழ்களும் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் கிடந்தன. நான் கொஞ்சம் வளர்ந்ததும் அம்மா வீட்டிலிருந்தே டைப் செய்யும் வேலை தேடத் தொடங்கினாள். விரல்களுக்கு வேகம் போகவில்லை. ஆனால் பழகியது இரும்பு மெஷினில் ஆயிற்றே, ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிப்பது போல அடித்தாள். வரி முடிந்தால் இடது கை தானாக மேலே எழும், இல்லாத நெம்புகோலைத் தள்ளுவதற்கு. அப்பா நடைபாதைக் கடையில் வாங்கி வந்த மெல்லிய கீபோர்டுகள் இந்த அடிக்குத் தாங்குமா? இரண்டு வருஷத்தில் மூன்று போயின. நான்காவதில் 'e' ஒரு தட்டுக்கு இரண்டாக விழுந்தது. ஸ்பேஸ் பார் நடுவில் குழிந்து, இடது ஓரத்தில் தட்டினால் கேட்காது.

அந்த நான்காவதை வைத்துக்கொண்டுதான் அம்மா ஒரு தேர்வு எழுதினாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் காதில் கேட்டுக்கொண்டே டைப் அடிக்கும் வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அரைமணி நேரத் தேர்வு. வேகம் இருந்தது, பிழைகள் எல்லை தாண்டிவிட்டன, தோற்றுப்போனாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அதிலும் போனால் அவ்வளவுதான் என்று மெயில் வந்தது. கீபோர்டு சரியில்லை என்று அம்மா சொன்னாள். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார்.

அப்பா கெட்டவர் இல்லை. பழமொழி கையில் கிடைத்தால் யார் மேல் எறிகிறோம் என்று பார்க்க மாட்டார், அவ்வளவுதான். அம்மா பால்கனிக்குப் போய் இன்னும் காயாத துணிகளை எல்லாம் எடுத்து மடித்தாள். ஈரத் துணியை மடிக்கும் அம்மாவைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. எப்படியாவது அம்மா ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சரஸ்வதி பூஜைக்கு இன்னும் நாள் இருந்ததால் முன்கூட்டியே மனு போட்டேன்.

பழமொழியை அப்பாவாலேயே இரண்டு நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை. புதுக் கீபோர்டு வாங்கலாம் என்றார். உடனே சித்தப்பா களத்தில் இறங்கினார். அப்பாவின் தம்பி. சால்ட் லேக்கில் ஐ.டி. வேலை கிடைத்து அந்த வருஷம்தான் ஊரிலிருந்து வந்து, லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டு ஹாலில் கட்டில் போட்டிருந்தார். வாங்குகிற எதற்கும் ஏழு வீடியோ பார்ப்பார். மெக்கானிக்கல் கீபோர்டுதான் வாங்க வேண்டும், அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங், எவ்வளவு அடித்தாலும் தாங்கும் என்றார். விலை கேட்டதற்கு, நல்லது ஒன்பதாயிரம் என்றார்.

அப்பா சிரித்தார். ஐந்நூறு ரூபாய்க் கீபோர்டிலும் இங்கிலீஷுக்கு இருபத்தாறு எழுத்துதான், ஒன்பதாயிரத்திலும் இருபத்தாறுதானே என்று கேட்டார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்று சித்தப்பா திருப்பிக் கேட்டார். ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் இதே வழக்கு. கடைசியில் ராசி ஆனார்கள்: மெக்கானிக்கல்தான், ஆனால் மூவாயிரத்துக்குள். தேர்வுக்கு முந்தின நாள் சனிக்கிழமை மூன்று பேரும் ரவீந்திர சரோவரில் மெட்ரோ ஏறினோம். அப்பா, சித்தப்பா, கூடவே தொற்றிக்கொண்ட நான். அம்மா வீட்டிலிருந்து பழகட்டும் என்று முடிவாகியிருந்தது. காலை வீட்டில் விட்டுவிட்டுச் செருப்பு வாங்கப் போகிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சாந்தினியில் அந்தக் கடை ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும். உள்ளே இரண்டு பேர், கடைக்காரரும் அவருடைய பங்காளியும். சனிக்கிழமைக் கூட்டத்தில் வெளியே நின்றபடிதான் வியாபாரம். அப்பா தன்னுடைய இந்தியில் தொடங்கினார். அந்த இந்தியில் வினைச்சொல் எப்போதாவதுதான் வரும். கடைக்காரர் புரிந்துகொண்டு மூன்று கீபோர்டுகளை எடுத்துப் பலகை மேல் வைத்தார். முதலாவது ஆயிரத்து எண்ணூறு. இரண்டாவது இரண்டாயிரத்து எழுநூறு. மூன்றாவது இரண்டாயிரத்து முந்நூறு.

அப்பாவின் கை முதலாவதுக்குப் போனது. சித்தப்பா அதை வாங்கி இரண்டு பக்கமும் பிடித்து லேசாக முறுக்கினார். முறுக்கு உடைவது போல ஒரு சத்தம் வந்தது. அப்பா அதைக் கீழே வைத்துவிட்டார். அடுத்து சித்தப்பா இரண்டாவதை எடுத்தார். எடுத்ததும் முகம் மலர்ந்தது. அம்மிக் கல் கனம் கனத்தது. தரத்துக்கு முதல் அடையாளமே எடைதான், உள்ளே இரும்புத் தகடு இருக்கிறது, விலை கொஞ்சம் கூடினால் பரவாயில்லை என்று அப்பாவுக்கு விளக்கினார். அப்பாவும் ஒரு முறை தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு பேரும் எதிலாவது ஒத்துப்போய் நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

அப்போதுதான் கடைக்காரர் தன் பங்காளியிடம் வங்காளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எடையைப் பார்த்தே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், வேறு ஒன்றும் காட்ட வேண்டியதில்லை என்றார். தமிழ் பேசிக்கொண்டு வந்தவர்களுக்கு வங்காளம் எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம். சித்தப்பாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கு மீன்கடை வரைக்கும் தெரியும். ஆனால் நான் பிறந்ததே இந்த ஊரில். தமிழை விட எனக்கு வங்காளத்தில்தான் சண்டை நன்றாக வரும்.

"தாதா, அந்த எடை எங்கேருந்து வருது? தொறந்து காட்டுங்க" என்று வங்காளத்தில் கேட்டேன். தாதா என்றால் இந்த ஊரில் அண்ணன்.

கடைக்காரர் பலகைக்கு மேல் எட்டிப் பார்த்தார். அதுவரை நான் அவர் கண்ணில் படவே இல்லை. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, நம்ம பேட்டைப் பெண் அல்லவா என்று பங்காளியிடம் சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அடிப்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே அடி மூடியில் ஒரு இரும்புப் பட்டை பசை போட்டு ஒட்டியிருந்தது. எழுத்துகளுக்கு அடியில் தகடு கிடையாது, வெறும் பிளாஸ்டிக். ஜனங்கள் கனமாக இருந்தால்தான் வாங்குகிறார்கள், அதனால் செய்கிறவன் கனத்தை வைத்து அனுப்புகிறான், நான் என்ன செய்ய என்று அவர் எந்த வெட்கமும் இல்லாமல் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். சித்தப்பா ஏழு வீடியோக்களையும் ஒரே நேரத்தில் மறந்தவர் போல நின்றார்.

எனக்கு வந்த தெம்பு அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. மூன்றாவதை நான் கையில் எடுத்துக்கொண்டேன். அம்மா எனக்கு டைப்ரைட்டிங் முதல் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள், சாப்பாட்டு மேஜையையே மெஷினாக வைத்து. அந்த asdfgf, ;lkjhj வரியை, அம்மா அடிக்கிற அதே அடியில், இரண்டு கீபோர்டிலும் அடித்துப் பார்த்தேன். இரும்புப் பட்டைக்காரி நடுவில் அமுங்கினாள். மூன்றாவது அசையவில்லை. கடைக்காரர் ஒரு எழுத்தைப் பிடுங்கிக் காட்டினார். தகடு ஸ்விட்சுகளுக்கு நேர் கீழேயே இருந்தது.

சித்தப்பா லேசில் விடவில்லை. ஒயர் மெல்லிசாக இருக்கிறது, பின்னால் தூக்கி நிறுத்தும் கால்கள் சொத்தையாக இருக்கின்றன, எழுத்துகள் வெறும் பெயின்ட், ஆறு மாதத்தில் அழிந்துவிடும் என்றார். அப்பா அதில் எரிந்த சிவப்பு, பச்சை விளக்குகளைப் பார்த்து, இதென்ன பூஜைப் பந்தலா என்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடை வாசலில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"அம்மா எழுத்தப் பாத்தா அடிக்கிறாங்க? அழிஞ்சா என்ன? ஒயர அவங்க தொடவே மாட்டாங்க. வெரல் படுற எடம் நல்லாருந்தா போதும்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செய்தவன் எங்கே காசை மிச்சம் பிடித்திருக்கிறானோ அங்கே அம்மாவுக்குக் கண்ணும் இல்லை கையும் இல்லை. எங்கே செலவழித்திருக்கிறானோ அங்கேதான் அம்மாவின் பத்து விரலும். அப்பா மெதுவாக, அவள் சொல்வது சரிதான்டா என்று தம்பியிடம் சொன்னார். மலிவான பக்கமும் தரமான பக்கமும் ஒன்றாகிவிட்டதில் அவருக்குப் பேரம் பேசப் புது உற்சாகம் பிறந்தது. நான் மொழிபெயர்க்க, இரண்டாயிரத்துக்கு இறங்கிற்று.

அதே கீபோர்டு இரண்டு வகையில் இருந்தது. ஒன்று ஒவ்வொரு தட்டுக்கும் 'டக்' என்று சத்தம் போடும். மற்றதில் சத்தமே வராது. விலை ஒன்றுதான். சத்தமில்லாததுதான் வீட்டுக்கு மரியாதை என்று சித்தப்பா சொன்னார், அப்பாவுக்கும் அதே எண்ணம். அம்மாவைக் கேட்போம் என்று நான் சொன்ன பிறகுதான் அம்மா என்று ஒருத்தி இருப்பது எங்கள் மூவருக்கும் நினைவு வந்தது. ஃபோன் போட்டு, ஃபோனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இரண்டிலும் அதே வரியை அடித்துக் காட்டினேன்.

"ரெண்டாவது அடிச்சது" என்றாள் அம்மா. அது சத்தம் போடுவது.

சித்தப்பா ஃபோனை வாங்கி, "அண்ணி, அது வீடு முழுக்கக் கேக்கும்" என்றார்.

அம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "கேக்கட்டும் தம்பி" என்றாள்.

அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் உட்கார்ந்து வந்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் அதன் விலையையும் தகட்டையும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு அம்மா அறைக்குள் உட்கார்ந்தாள். முதல் தேர்வின்போது அப்பா இரண்டு முறை உள்ளே போய்க் குடை எங்கே என்றும் கேஸ்காரன் நம்பர் என்ன என்றும் கேட்டிருந்தார். சித்தப்பா ஒரு முறை சட்டைப் பொத்தானோடு போனார். அந்தப் பழைய கீபோர்டின் சத்தம் அறையைத் தாண்டாது. அம்மா வேலையாக இருக்கிறாளா சும்மா உட்கார்ந்திருக்கிறாளா என்று வெளியிலிருந்து தெரியாது. இந்த முறை அறைக்குள்ளிருந்து சத்தம் மழை போலக் கொட்டியது. ஹாலில் இருந்த நாங்கள் மூவரும் அரைமணி நேரம் பேசவே இல்லை. அப்பா பேப்பர் பக்கத்தைத் திருப்புவதைக்கூட மெல்லத் திருப்பினார். கீழ் வீட்டு வங்காளி மாமி, நான் காக்கிமா என்று கூப்பிடுபவர், மாடியில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்க ஏறி வந்தார். அப்பா வாசலிலேயே விரலை உதட்டில் வைத்து, "எக்ஸாம், எக்ஸாம்" என்று கிசுகிசுத்தார். காக்கிமா செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

அம்மா வெளியே வந்தபோது நெற்றி வேர்த்திருந்தது. அவர்கள் கேட்ட வேகத்துக்கு மேல் நிமிஷத்துக்குப் பத்து வார்த்தை. பிழைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டன. திரையிலேயே முடிவு வந்திருந்தது. காக்கிமா ஓடிப்போய்ச் சங்கை எடுத்து வந்து படிக்கட்டிலேயே நின்று ஊதினார்; வங்காளிகளுக்கு நல்ல சேதிக்குத்தான் சங்கு. அப்பா எழுந்து நின்றார். எந்தப் பழமொழியும் வரவில்லை. "மேடையில கோணல் இருந்துதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அம்மா என்னை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். அந்த வெற்றியில் முக்கால் பங்கு என்னுடையது என்று நான் நினைத்தேன், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னேன், இன்றைக்கும் பாதிக்கு மேல் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்மாவுக்கு வேலை தொடங்கிற்று. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். சத்தம் கேட்டால் யாரும் உள்ளே போவதில்லை என்று வீட்டில் ஒரு சட்டம், யாரும் போடாமலேயே, வந்துவிட்டது. ஒரு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணி, காபி நேரம். அப்பாவும் சித்தப்பாவும் ஹாலில் காத்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் டக் டக் என்று விடாமல் கேட்டது. அப்பா கொஞ்ச நேரம் அறை வாசலைப் பார்த்தார், பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பு பற்ற வைக்கும் ஓசை, இரண்டு டப்பா திறந்து மூடும் ஓசை. சித்தப்பா பாலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். சர்க்கரை எங்கே என்று கேட்டு வரச்சொல்லி, அதுவும் காதோடு காதாக, என்னை அனுப்பினார்கள்.

மெல்லக் கதவைத் திறந்தேன். அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, asdfgf, ;lkjhj. எதிரே திரை கறுப்பாக இருந்தது. கம்ப்யூட்டரையே போடவில்லை.

"அம்மா, ஆன் பண்ணவே இல்லியே" என்றேன்.

"தெரியும்" என்றாள் அம்மா, கையை நிறுத்தாமல்.

நான் குனிந்து, அவளுக்காக ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். அம்மா என்னைப் பார்த்து, சத்தம் வராமல், கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பாவம், வேலை அதிகமாகி அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அப்பாவிடம் போய்க் கவலையோடு சொன்னேன்.