லாரிக் கட்டை போட்ட சைக்கிள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோ தலைவலி மாத்திரையோ, எது வாங்குவதானாலும் அப்பா என்னைத்தான் கேட்பார். சைக்கிளுக்குப் பிரேக் கட்டை மாற்ற வேண்டி வந்தபோதும் அப்படித்தான். திருமுல்லைவாயிலில் எனக்குப் பெண் பார்க்கப் போக இரண்டு நாள் இருந்தது.

கடையில் இருந்தது சாதா ரப்பர் கட்டை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. ரெண்டு மாசம்கூடத் தாங்காது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிப் பட்டறையில் இருந்த என் கூட்டாளி, லாரி பிரேக் லைனிங்கில் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தான். கருங்கல் மாதிரி இருந்தது.

"லோடு லாரியே நிக்குது மாமே. நீயும் ஒங்க நைனாவும் அதவிட கனமா?"

கணக்கு சரியாகப் பட்டது.

ஞாயிறு காலை அதை மாட்டி, அப்பாவைக் கேரியரில் உட்காரவைத்து மிதித்தேன். பெண் வீட்டு வாசலில் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் கண்டுகொள்ளவே இல்லை. கும்பிட்டவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம். பின்னால் அப்பா, மரியாதைக்குக் குறைவில்லாமல், பதில் கும்பிடு போட்டபடி வந்தார்.

ஏழெட்டு வீடு தள்ளி, காலைத் தேய்த்து நிறுத்தினேன். பெண்ணின் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாங்க, பாக்காமயே போறீங்க? புடிக்கலியா?"

"புடிக்கலீங்க" என்றேன், மூச்சு வாங்க.

அவர் முகம் செத்துப்போயிற்று. அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். "பிரேக்குன்னு சேத்துச் சொல்லேண்டா, படிச்சவனே!"

எவ்வளவோ விளக்கியும் பெண் வெளியே வரவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"புடிக்கிற பிரேக்கா போட்டுகினு வரச் சொல்லும்மா. அப்பால பாக்கலாம்."

லாரி லைனிங் நன்றாகச் சூடேறினால்தான் கவ்வும் என்று கூட்டாளி பிறகு சாவகாசமாகச் சொன்னான். நான் மிதிக்கிற மிதிக்கு அது எந்த ஜென்மத்தில் சூடேறும்?

அடுத்த ஞாயிறு, சாதா ரப்பர் கட்டையோடு போனேன். வாசலிலேயே, அங்குலம் பிசகாமல் வண்டி நின்றது. அவளே வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, குனிந்து கட்டையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மெத்துனு கீதே. சீக்கிரம் தேஞ்சிடாது?"

"தேஞ்சா வேற மாத்திக்கலாம்."

"ஓகோ. மாத்திக்குவீங்களா?"

"ஐயோ, கட்டையச் சொன்னேங்க!"

அவள் சிரித்துவிட்டாள். வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"எம்மா, காபி போடு. நின்னுட்டாரு."