என் கையில் இருந்த சர்டிபிகேட்

எனக்கு வயது எழுபத்தெட்டு. நான்கு பேரை வளர்த்தேன்; மூன்று என் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. மூன்றாம் வகுப்புவரைதான் படிப்பு. அதனால் மெதுவாகத்தான் எழுத வரும்.

என் வீட்டுக்காரர் கல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவர் போன பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில், ஜாதவ்பூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். நேபாளம், பங்களாதேஷ், இலங்கை, ஆப்பிரிக்கா என்று பல ஏழை நாடுகளிலிருந்து அங்கே ஆட்கள் வருவார்கள். எல்லாரும் அவரவர் ஊரில் ஏதாவது ஒரு நலத்திட்டம் நடத்துகிறவர்கள். அந்தத் திட்டத்தால் உண்மையில் பலன் உண்டா என்று சோதித்துப் பார்க்க இரண்டு வாரம் இலவசமாகச் சொல்லித் தருவோம். "கிணறு வெட்டினோம்ங்கறது செலவு. அந்தத் தண்ணியால யாருக்கு நோய் குறைஞ்சுதுன்னு பாக்கறதுதான் இவால்யுவேஷன்" என்பார் அருந்ததி தீதி. அவர்தான் நிலையத்தை நடத்தியவர். எனக்கு அவர் தீதி, அதாவது அக்கா; அவருக்கு நான் மாஷி, அதாவது சித்தி. நாங்கள் பேசிக்கொண்டது வங்காளத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கடைசி நாள் எல்லாரும் ஃபீட்பேக் ஃபாரம் நிரப்பித் தரவேண்டும். வகுப்பு எப்படி என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை டிக் போடுவது. முதல் வருஷம் பாதிப் பேர் கொடுக்காமலே ஊருக்குப் போய்விட்டார்கள். நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வாசலில் நின்று, ஒரு கையால் ஃபாரத்தை வாங்குவேன், மறு கையால் சர்டிபிகேட்டைக் கொடுப்பேன். அதன்பிறகு ஒரு ஃபாரம்கூடக் குறையவில்லை. தீதி எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்கும் பெருமைதான்.

ஒரு வருஷம் வவுனியாவிலிருந்து நிர்மலா என்ற பெண் வந்திருந்தாள். குழந்தைகளுக்குச் சத்துமாவு கொடுக்கும் திட்டத்தில் வேலை. சர்டிபிகேட் வாங்கிய கையோடு என் டீ அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா, சர்டிபிகேட் கிடைச்சும் மூஞ்சி இப்படி இருக்கு?"

"முதல் மூண்டு நாள் விளங்கினது அம்மா. பிறகு ஒண்டும் விளங்கேல்ல. எங்கட மாவால பிள்ளையள் தேறினவையோ எண்டு ஊருக்குப் போய் நான்தான் சொல்லோணும். பிழையாச் சொன்னா நிப்பாட்டிப் போடுவினம்."

"இதை ஃபாரத்துல எழுதறதுக்கென்ன?"

"நீங்கள் சர்டிபிகேட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டியள். பிறகு எப்பிடி எழுதுறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபாரம் கட்டை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்கு வராது. டிக் தெரியுமே! எல்லாம் ஐந்தாம் கட்டத்தில், மெஷினில் தையல் ஓட்டியதுபோல் ஒரே வரிசை.

தீதி அந்தக் கட்டுக்காகத்தான் காத்திருந்தார். பணம் தரும் நிறுவனத்துக்கு அதை அனுப்பினால்தான் அடுத்த வருஷம் வகுப்பு.

"இதை அனுப்பாதீங்க தீதி."

"ஏன் மாஷி? எல்லாம் அஞ்சுக்கு அஞ்சு!"

"மாவு குடுக்கற கையே வந்து 'எப்படி இருக்கு'ன்னு கேட்டா, நல்லாருக்குன்னுதான் சொல்வாங்கன்னு நீங்கதானே வகுப்புல சொல்றீங்க? டீ குடுக்க வந்தப்போ என் காதுலயும் விழுந்துச்சு. இங்க அந்தக் கை என் கை."

தீதி கட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "வகுப்பு நின்னா உன் வேலையும் போயிடும், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும். அந்தப் பொண்ணு ஊருக்குப் போய்த் தப்பாச் சொன்னா, பிள்ளைங்க மாவு போயிடுமே."

மறுநாள் காலை, எல்லாரும் ஊருக்குக் கிளம்புவதற்குமுன், பேர் போடாத புது ஃபாரங்களையும் ஒரு காலி பிஸ்கட் டின்னையும் வகுப்பறையில் வைத்தோம். சர்டிபிகேட் எல்லார் பெட்டிக்குள்ளும் போயாயிற்று. நானும் தீதியும் மாடிக்குப் போய்விட்டோம். டின்னைத் திறந்தபோது டிக் எல்லாம் கடுகு சிதறியதுபோல் கிடந்தது. தீதி வாசித்துச் சொன்னார், நிறையப் பேருக்கு நிர்மலாவின் கதைதான்.

தீதி இரண்டு கட்டையும் சேர்த்தே அனுப்பினார். பதில் வர மூன்று மாதம். அதுவரை நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. அதற்குள் நிர்மலா தன் சர்வே தாள்களைத் தபாலில் அனுப்ப, தீதி திருத்தித் திருப்பி அனுப்ப, தபாலாபீசுக்கு நடந்தது நான். கடைசியில் பதில் வந்தது: வகுப்பைப் பாதியாகக் குறைக்கவும், ஊர் திரும்பியவர்களுக்கு ஒரு வருஷம் இப்படியே கூட இருந்து உதவவும். எங்கள் நிலையத்தின் 'இலவச உதவி' என்று பின்னால் பெயர்பெற்றது அப்படித்தான் தொடங்கியது.

நிர்மலா கண்டுபிடித்தது இது: வீட்டுக்குக் கொடுத்த மாவை வீடே பங்குபோட்டுச் சாப்பிட்டிருக்கிறது. திட்டம் நிற்கவில்லை. மையத்திலேயே கஞ்சி காய்ச்சி, பிள்ளைகளை உட்காரவைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதிரில் இருப்பவருக்கு வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்காதீர்கள்.

தியா, பேத்தி, இங்கே வா. உனக்கு வங்காளம் வரும் அளவு தமிழ் வராது, பரவாயில்லை, எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டு. புரியாத இடத்தில் நிறுத்திச் சொல். சந்தேஷ் இனிப்பு டப்பாவை முதலிலேயே உன்னிடம் கொடுத்துவிட்டேன், பார்.