தியோடர் கேட்க மறந்தது

காபி வந்ததும் தியோடர் குடிக்க மாட்டார். பையிலிருந்து வெப்பம் அளக்கும் துப்பாக்கியை எடுத்து எவர்சில்வர் டம்ளரை நோக்கி அழுத்துவார். முப்பத்தாறு என்று காட்டும். "புடிச்சுப் பாருங்க சார்" என்று எதிரில் இருப்பவரிடம் டம்ளரை நீட்டுவார். பிடித்தவர் விரலை உதறுவார். "பளபளன்னு இருந்தா இது ஏமாந்துடும் சார், நம்மள மாதிரியே." இருபது வருடமாக இதே வேடிக்கை. இப்போதெல்லாம் அவருக்கே சிரிப்பு வருவதில்லை.

இரும்பின் சூட்டை எதால் அளப்பது என்று தொழிற்சாலைகளுக்குச் சொல்லி, அந்தக் கருவியை விற்பதுதான் வேலை. அல்சூரிலிருந்து பொம்மசந்திராவுக்குப் பேருந்தில் நின்றே போய் வந்து, ஐம்பத்தெட்டு வயது முட்டிகள் கெஞ்சுகின்றன. பையில், தொட்டுச் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியும், பைக் சைலன்சருக்கு அடிக்கும் கறுப்பு பெயின்ட்டும் எப்போதும் இருக்கும். பளபளக்கும் இரும்பில் அதைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தால் துப்பாக்கி உண்மையைச் சொல்லிவிடும். யார் கேட்டாலும் மூன்று கேள்விகள்: "தொட்டு அளக்கலாமா? ஓட்டை போட விடுவீங்களா? பாலிஷ் போடுவீங்களா?" மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை என்பாள் மனைவி அல்போன்சா.

ஏப்ரலில் ஒரு பட்டறையில் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. அன்று அங்கிருந்த இரும்பு அச்சுகள் கன்னங்கரேலென்று இருந்தன, அவருக்கும் அசதி. துப்பாக்கியை விற்றுவிட்டு வந்துவிட்டார். ஜூனில் அச்சுகளுக்குப் பாலிஷ் போட்டார்கள். உலையில் நிற்கும் எத்திராஜ், துப்பாக்கி முந்நூறு காட்டும்வரை வழக்கம்போலச் சூடேற்றினான். இரண்டு அச்சுகள் விரிசல் விட்டன.

மேலாளர் சேஷகிரி தியோடரை அழைத்தார். இவர் விரிசல் விட்ட அச்சையே மறுபடி சூடேற்றச் சொல்லி, அதன் திருகுத் துளைக்குள் கம்பியை நுழைத்தார். ஐந்நூற்று முப்பது. துப்பாக்கி அப்போதும் முந்நூறுதான் என்றது.

"காட்டுன நம்பர்லதானே சார் நிறுத்துனேன்" என்றான் எத்திராஜ்.

சேஷகிரி தியோடரைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "ஆபரேட்டர் மிஸ்டேக்னு சும்மா எழுதிடுங்க சார். அவனுக்கு டிஸ்மிஸ் ஆர்டர் ரெடியா இருக்கு. உங்க கம்பெனிக்கும் கெட்ட பேர் வராது."

தியோடருக்கு ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். கருவியைத் தவறாகத் தேர்ந்தார் என்ற அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போனால் அந்தப் பதினான்கு மாதமும் நிச்சயமில்லை. அவருக்கு எங்காவது உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காராமல், நின்றபடியே அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தார். காரணம் என்ற கட்டத்தில், பாலிஷ் போடுவீர்களா என்று நான் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சேஷகிரி கை நீட்டினார். தியோடர் மேல் தாளை அவரிடம் கொடுத்தார். அடியிலிருந்த கார்பன் நகலையும் கிழித்து, நான்காக மடித்து, உலைப் பக்கம் போய் எத்திராஜின் சட்டைப் பையில் செருகிப் பொத்தானைப் போட்டுவிட்டார்.