இடுப்புப் பிடிப்புக்கு என் கால்

இந்த ஊர்க்காரர்கள் செர்ரிப் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடுவதில்லை. அதைக் கழுவி, வேகவைத்து, வெயில் தலைகாட்டுகிற நாளாகப் பார்த்துக் காயவைத்து, துணிப்பையில் போட்டுத் தைத்துத் தலையணை செய்கிறார்கள். தலைக்கு வைக்க அல்ல, மைக்ரோவேவில் சூடாக்கி இடுப்புக்கு வைத்துக்கொள்ள. ஜெர்மனிக்கு வந்த புதிதில், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் எங்கள் தலைமைச் செவிலி பெட்ரா அப்படி ஒரு பையை மைக்ரோவேவில் சுற்றவிட்டிருந்தாள். ஏதோ தின்பண்டம் வேகிறது என்று நினைத்து நான் தட்டோடு போய் நின்றேன். அவள் சிரித்துவிட்டு, சூடான பையை என் தட்டிலேயே வைத்தாள். வறுத்த வேர்க்கடலைக்கும் ஈரச் சாக்குக்கும் நடுவில் ஒரு வாசனை.

அந்தப் பை எனக்கே தேவைப்படும் நாளும் வந்தது. படுக்கையில் சரிந்துவிட்ட ஒரு பெரியவரை மேலே இழுத்து உட்காரவைக்க வேண்டும். முதலில் கட்டிலை நம் இடுப்பு உயரத்துக்கு ஏற்ற வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும், ஆளை நம் உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், தூக்கியபடியே இடுப்பைத் திருப்பக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதையெல்லாம் மூச்சுவிடாமல் பாடம் நடத்துகிறவள் நான்தான். அன்றைக்கு அவசரத்தில் கட்டிலை ஏற்றாமல் குனிந்தேன். இடுப்பில் ‘சுருக்’ என்றது. குனிந்தவள் நிமிரவில்லை. பெட்ரா ஓடிவந்து, “ஹெக்சென்ஷுஸ்!” என்றாள். சூனியக்காரி எய்த அம்பு என்று பொருளாம். இத்தனை கார்களும் இயந்திரங்களும் செய்கிற நாட்டிலும் ஒரு கிழவி மறைந்திருந்து இடுப்பைப் பார்த்து அம்பு விடுகிறாள் என்று கேட்டதும், அந்த வலியிலும் எனக்கு ஒரு சந்தோஷம். நமக்கு அது வாயு. எங்கோ போய்க்கொண்டிருந்த வாயு வந்து பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊரில் இடுப்புப் பிடித்தவர்களைக் குப்புறப் படுக்கவைத்து நான் முதுகில் மிதிப்பேன், சரியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிவைத்தேன். பெட்ராவின் முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்து, “இங்கே யாரையும் மிதிக்கவில்லையே?” என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். தலையில் அடித்துக்கொள்வதற்கு இங்கே வேறு என்ன அர்த்தமோ, அவள் என்னை இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

நான் கால் முன்னே வந்து பிறந்தவள். தருமபுரி மாவட்டத்தில் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என்னைப் பெற்றெடுப்பதற்குள் அம்மா செத்துப் பிழைத்தாள். மற்றவர்கள் தாய் பிழைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் என் பாதத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கால் முன்னே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பும் சுளுக்கும் விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஊருக்கு அப்படி ஒரு கால் வேண்டும். எங்கள் ஊருக்கு அது என் கால்.

விடிந்தும் விடியாமலும் வாசலில் குரல் கேட்கும். “பாப்பா இருக்குதுங்களா? இடுப்பு புடிச்சிக்கிச்சுங்க, நிமுரவே முடியல.” சில நாள் எல்லைப்பக்கத்து ஊர்களிலிருந்து கன்னடம் பேசுகிறவர்கள் வருவார்கள். “சொண்ட நோவம்மா” என்று இடுப்பைத் தொட்டுக் காட்டுவார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டும், கைநீட்டி எதுவும் வாங்கக் கூடாது என்பவை அம்மா போட்ட சட்டங்கள். தூக்கக் கலக்கத்தில் என்னை இழுத்துவந்து நிறுத்துவாள். தாத்தா வயதுள்ள ஆள் தரையில் குப்புறக் கிடப்பார். இடது காலால் அவர் இடுப்பை லேசாகத் தொட்டு அழுத்துவேன். பெரியவர்கள் மேல் கால் பட்டால் பாவம் இல்லையா, அதனால் மிதித்து முடித்ததும் அவர் காலிலேயே விழுந்து கும்பிடுவேன். அவரும் இடுப்பைப் பிடித்தபடி, “நல்லாரு சாமி” என்பார். அப்புறம்தான் எனக்குப் பல் விளக்கப் போக விடுதலை.

ஊராருக்குத் தொட்டு எடுக்கிற மிதி, அம்மாவுக்கு முழு மிதி. பகல் முழுக்கத் தக்காளித் தோட்டத்தில் குனிந்து களை பறித்து, பழம் பறித்து, பெட்டி தூக்கிவிட்டு வருவாள். அப்பா நொச்சித் தழை போட்டு வெந்நீர் காயவைப்பார். கல்லுப்பை வாணலியில் வறுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். அதெல்லாம் ஆனபிறகு அம்மா பாயில் குப்புறப் படுத்து, “பாப்பா, ஏறு” என்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகில் ஏறி நின்று பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வேன். என் கால் பட்ட மறுவிநாடியே, “போயிடுச்சு” என்பாள். போய்விட்டால் இறங்கலாம்தானே? இறங்கவிட மாட்டாள். ஒருநாள் அவள் முதுகில் நின்றபடி, “எனக்குப் புடிச்சா யாரும்மா மிதிப்பாங்க?” என்று கேட்டேன். “உனக்கெல்லாம் புடிக்காது, போ” என்றாள்.

நர்சிங் படித்தேன். இந்தப் பக்கம் வந்தேன். வாரத்தில் ஒருநாளாவது அம்மாவோடு வீடியோவில் பேசிவிடுவேன். போனை அப்பாதான் பிடிப்பார், அதனால் அம்மாவின் நெற்றியும் எங்கள் வீட்டு ஓடும்தான் பாதி நேரம் தெரியும். அம்மாவுக்கு இடுப்புவலி கூடிக்கொண்டே போனது. நானும் சொல்லாத வைத்தியம் இல்லை. மல்லாக்கப் படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை வை. ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வை. எழும்போது ஒரு பக்கமாகப் புரண்டு கையை ஊன்றி எழு. வலிக்கிறது என்று நாள் முழுக்கப் படுத்தே கிடக்காதே, கொஞ்சம் நட. எண்ணெயை முதுகெலும்பு மேலேயே போட்டு அழுத்தித் தேய்க்காதே. ஒத்தடம் கொடுக்குமுன் துணியைப் புறங்கையில் வைத்துச் சூடு பார். “சரி, சரி” என்று அம்மா கேட்டுக்கொள்வாள். பின்னாலிருந்து அப்பா, “ஒன்னும் கேக்கறதில்ல பாப்பா. நேத்து கூட தக்காளிப் பொட்டிய ஒத்தையாத் தூக்கறா” என்று காட்டிக்கொடுப்பார்.

ஒருநாள் பேச்சுவாக்கில், வலது கால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது, நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியவில்லை என்றாள். இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: வெறும் இடுப்புவலிக்கு வீட்டு வைத்தியம் பார்க்கலாம். கால் மரத்துப்போனால், வலுவிழந்தால், ஒன்றுக்கு இரண்டுக்குப் போவது கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், உப்பையும் நொச்சியையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அம்மாவிடமும் அதைத்தான் கத்தினேன். அவள் அசரவில்லை.

“ஆஸ்பத்திரி எதுக்கு? நீதான் வைகாசில வர்றியே. வந்து ஒரு மிதி மிதிச்சா சரியாப் பூடும்.”

வைகாசிக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அந்த நாட்களில் என் வேலை எனக்குக் கசந்தது. இந்த ஊர் அம்மாக்களைப் புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிறேன், முழங்காலுக்கு நடுவே தலையணை செருகுகிறேன், பையைச் சூடாக்கி இடுப்புக்குக் கொடுக்கிறேன். நன்றி, நன்றி என்று என் கையைத் தட்டிக்கொடுக்கிறார்கள். என்னைப் பெற்றவள் காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தோட்டத்து வரப்பில் நடந்துகொண்டிருக்கிறாள். ஒரு பிற்பகலில் பெட்ராவிடம் போய் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, விடுப்பு வேண்டும் என்றேன். அவள் எதுவும் கேட்காமல் கொடுத்தாள். புறப்படுகிற அன்று தன் அலமாரியிலிருந்த செர்ரிக்கொட்டைப் பையை எடுத்து, “உன் அம்மாவுக்கு” என்று என் கையில் திணித்தாள்.

பெங்களூரில் இறங்கி, ஓசூர் வந்து பஸ் பிடித்தேன். அம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்தாள். ஒரு கால் லேசாக இழுத்தது. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் காலைத்தான் பார்த்தாள். “காலெல்லாம் வெளுத்துப் போச்சே பாப்பா” என்றாள்.

மறுநாள் காலை கண்விழித்தபோது அம்மா கூடத்தில் பாய் விரித்துக் குப்புறப் படுத்திருந்தாள். “வா பாப்பா. பல்லு கூட வெளக்கல. வெறும் வயிறு.” அப்பா உப்பு முடிச்சோடு சமையற்கட்டு வாசலில் நின்றார். அந்த முதுகை நான் பார்த்தேன். எலும்பெல்லாம் தெரிந்தது. நரம்பு நசுங்கிக் கால் மரத்திருக்கிறவளை மிதித்தால் என்ன ஆகும் என்று படித்தவளுக்குத் தெரியும். மிதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று பெற்ற பிள்ளைக்குத் தெரியும். சுவரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு எடை முழுவதையும் வலது காலில் நிறுத்திக்கொண்டு, இடது பாதத்தை அவள் இடுப்பில் ஓர் இலை வைக்கிற மாதிரி வைத்தேன். அழுத்தவே இல்லை.

“போயிடுச்சு” என்றாள் அம்மா.

கீழே உட்கார்ந்து அவள் காலைக் கும்பிட்டேன். அங்கேயே அழுதுவிட்டேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றேன். “அதான் போயிடுச்சேன்னு சொல்றேன்.” “போயிடுச்சான்னு அவங்க பாத்துச் சொல்லட்டும்.” நான் மிதித்துவிட்டேன், இனி மறுப்பதற்கு அவளிடம் காரணம் இல்லை. தருமபுரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பு நடுவே இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, நல்லவேளை இப்போதாவது வந்தீர்கள், மருந்தும் பயிற்சியும் பார்ப்போம், குனிந்து பாரம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். கடைசியாக, “யாராவது முதுகுல ஏறி மிதிச்சாங்களாம்மா?” என்று கேட்டார். அம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “இல்லைங்க, எங்கூர்ல அப்படியெல்லாம் யாரும் இல்லைங்க” என்றாள்.

திரும்பும்போது பஸ் பாலக்கோட்டில் நெடுநேரம் நின்றது. பக்கத்தில் தக்காளி ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றிருந்தன. “கால் மரத்தப்பவே வந்திருக்கலாம் இல்லம்மா? ஏன் இப்படிப் பிடிவாதம்?” என்று கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வந்திருப்பேன். ஊசி மருந்துலயே சரியாப் போயிருச்சுன்னா, நீ எதுக்கு வரப் போற?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் கிளம்பிய பிறகும் விடவில்லை.

விடுப்பு முடிந்து வந்துவிட்டேன். அம்மா இப்போது பயிற்சி செய்கிறாள், காலையில் நடக்கிறாள், மரப்பு குறைந்திருக்கிறது. மைக்ரோவேவ் இல்லாததால் பெட்ராவின் பையைப் பிரித்து, செர்ரிக்கொட்டையை வாணலியில் போட்டு வறுத்து, அப்பாவின் வேட்டித் துணியிலேயே முடிந்துகொள்கிறாளாம். “நல்லாத்தான் சூடு நிக்குது, ஆனா நம்ம உப்பு மாதிரி வராது” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். வெறும் பையைத் துவைத்து எனக்காக எடுத்துவைத்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த முறை யாரையும் தூக்கவில்லை. துவைத்த துணியை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். இங்கே பகல், ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அங்கே விளக்கு வைக்கிற நேரம். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நான் உட்கார்ந்திருந்த கோணத்தை வீடியோவில் பார்த்ததும் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

“குப்புறப் படு” என்றாள்.

“எதுக்கும்மா?”

“படுன்னா படு. போனை முதுகு மேல வை.”

படுத்தேன். மரத்தரை சில்லென்றிருந்தது. போனை இடுப்பின் மேல் வைத்தேன். “கூரைதான் தெரியுது, கவுத்து வை” என்று குரல் வந்தது. கவிழ்த்து வைத்தேன். “இருட்டா இருக்குது.” “அதாம்மா என் இடுப்பு.” அந்தப் பக்கம் அப்பாவிடம் ஏதோ சொல்வது கேட்டது. போனைத் தரையில் வைக்கச் சொல்கிறாள். சுவரைப் பிடித்துக்கொள் என்று அப்பா அதட்டுகிறார்.

“அம்மா, நீ கால் முன்ன வந்து பொறக்கலியே.”

“அந்தக் கால் என் வயித்துல இருந்துதான் வந்துச்சு. பேசாம படு.”

என் இடுப்பில் வெதுவெதுப்பாக ஒரு கண்ணாடி. அதன் அந்தப் பக்கத்தில் தோட்டத்துச் செம்மண் ஏறிய பித்தவெடிப்போடு அம்மாவின் பாதம் இருந்திருக்க வேண்டும். கவிழ்ந்து கிடந்த எனக்கு அது தெரியவில்லை. குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னவள், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கேட்டாள், “போயிடுச்சா பாப்பா?”

வலி அப்படியேதான் இருந்தது.

“போயிடுச்சும்மா” என்றேன். போனை எடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவளும் காலை எடுக்கவில்லை.