மட்டாஞ்சேரியில் கால் நீண்ட டென்மார்க் நாற்காலி

வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்வது என் தொழில். டென்மார்க் நாற்காலி என் பித்து. இந்த முறை ஒன்றைத் தேடிப் போனதற்குக் காரணம் வேறு. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் என் கணவரால் என் கையைப் பிடிக்காமல் சோபாவிலிருந்து எழ முடியவில்லை. மனுஷனுக்கு அது பெரிய மானப் பிரச்சினை. விருந்தாளி வந்தால் படுக்கையறையை விட்டு வெளியே வரமாட்டார். அவர் முழங்காலுக்கு ஏற்ற இருக்கையையும் என் ஆசையையும் கொச்சியின் பழம்பொருள் கடைகளில் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று போன மாதம் ஒரு வியாழக்கிழமை கோயம்புத்தூரில் ரயில் ஏறினோம்.

நான்கு மணி நேரத்தில் எர்ணாகுளம். அங்கிருந்து வெலிங்டன் தீவு வழியாக மட்டாஞ்சேரிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். ஓட்டுநர் கொச்சியிலேயே பிறந்த தமிழர். "ஜூ டவுன்ல, அதான் யூதத் தெருவுல, வண்டி நிறுத்த இடம் கிட்டாது, சேச்சி. சேட்டனுக்குக் கால் வய்யா, நடக்க முடியாதுதானே, கடை வாசல்லயே இறக்கி விடுறேன்" என்றார். சொன்னபடி செய்தார்.

மூன்றாவது பழம்பொருள் கடையில் அது இருந்தது. தேக்கு, முதுகும் கைப்பிடியும் ஒரே வளைவு. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் டென்மார்க் பட்டறையின் சூட்டு முத்திரை, காகிதக் கயிற்றில் பின்னிய பழைய இருக்கை. அசல்தான். அப்புறம்தான் கண்ணில் பட்டது: நான்கு கால்களின் நுனியிலும் மூன்று அங்குலத்துக்கு வேறு மரம் ஒட்டியிருந்தார்கள்.

"வேலியேற்றத்துக்கு, கடல் ஏறும்போது, காயல் பொங்கி வீட்டுக்குள்ளே உப்புவெள்ளம் வரும், சேச்சி. கட்டில், மேசை எல்லாத்துக்கும் இங்க கால் பொக்கி, உசத்தித்தான் வைப்பாங்க. இதுக்கு அடி இத்துப்போச்சு, வெட்டிட்டு ஆஞ்சிலி மரத்தை உயரமா வச்சாங்க" என்றார் கடைக்காரர், ரொம்ப சாதாரணமாக.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இந்த நாற்காலிகளின் அழகே அளவுதான். தாழ்வாக அமர்ந்திருக்க வேண்டியது கொக்கு மாதிரி நின்றது. சேகரிப்பவர் யாரும் பாதி விலைகூடத் தரமாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், என் கணவர் அதில் உட்கார்ந்திருக்கிறார்.

"வாங்க, போகலாம்" என்று பழக்கத்தில் கையை நீட்டினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கைப்பிடியில் உள்ளங்கையை ஊன்றி, தானே எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"இன்னொரு தடவை பார்க்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். நான் கடைக்காரர் பக்கம் திரும்பி விலை கேட்டேன்.

ஒட்டுக்காலைக் காட்டிப் பேரம் பேசாமல் விடவில்லை; அது வேறு விஷயம். இருபத்திரண்டாயிரத்துக்கு முடிந்தது, பார்சல் லாரியில் வீடு வந்து சேர்ந்தது.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை வேண்டாம், யூதர்களின் ஜெபாலயம் மூடியிருக்கும். முத்திரை, மூட்டு, கால் நுனி மூன்றையும் கவிழ்த்துப் பாருங்கள். வார்னிஷ் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். ஒட்டுக்கால் நாற்காலியை மறுபடி விற்கும் எண்ணத்தில் வாங்காதீர்கள். முக்கியமாக, உட்காரப் போகிறவரையும் அழைத்துப் போங்கள்.

போன ஞாயிறு என் அண்ணன் குடும்பத்தோடு வந்தான். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் இவரே எழுந்து போய்க் கதவைத் திறந்திருந்தார்.