தனக்கோடி அக்காவின் தெர்மாகோல் பெட்டி

எங்கள் அலுவலகத்தில் எனக்கு ‘பட்ஜெட் பாலா’ என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள், நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன். சொந்த ஊர் சேலம், வேலை கல்பாக்கத்தில். நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தால் எங்கள் ஆட்கள் மாமல்லபுரம் பக்கம் இருக்கும் அந்தத் தீம் பார்க் ரிசார்ட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்புவார்கள். கிளம்பும் முன் என் மேஜைக்கு ஒரு நடை வந்துவிட்டுத்தான் போவார்கள்.

நானும் வஞ்சனை இல்லாமல் சொல்லிக்கொடுப்பேன். காலை டிபன் அறை வாடகையிலேயே அடக்கம், அதனால் ஒன்பதரைக்குப் போய் உட்காருங்கள், அவர்கள் தட்டுகளை எடுக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். தண்ணீரில் ஆடிவிட்டு வரும் பிள்ளைகளை அந்த ஐஸ்கிரீம் கடை வழியாகக் கூட்டிவராதீர்கள், பின்பக்கம் ஒரு வழி இருக்கிறது. மதியம் பஃபே தலைக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது. இருபது பதார்த்தம் வைத்திருப்பான், வாய்க்கு ருசியாக ரசம் ஒன்றுதான் இருக்கும். இப்படி.

எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், “அந்த மீன் சாப்பாடு போட்டோ போட்டீங்களே, அது யார்கிட்ட? நம்பர் குடுங்க” என்பார்கள். நம்பர் தொலைந்துவிட்டது என்பேன். பச்சைப் பொய். என் போனில் ‘தனக்கோடி அக்கா’ என்று அது பத்திரமாக இருக்கிறது. அதைத் தொட எனக்குத்தான் வெட்கம். அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு அந்த ரிசார்ட்டுக்கு முதல்முறை போனபோது பஃபே விலையைக் கேட்டு, என் மனைவி பிரதீபாவையும் மகள் ஸ்வாதியையும் இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்க கேட் வழியாக வெளியே வந்துவிட்டேன். சற்றுத் தூரத்தில் மீனவக் குப்பம். படகு ஓரமாக ஓர் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஓட்டல் இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஓட்டலு இன்னாத்துக்கு? வூட்ல ஆக்கினது கீது. துன்றியா சார்?”

சார் என்பார், அடுத்த மூச்சில் நீ என்பார். இரண்டுமே மனதிலிருந்து வரும். பக்கத்துச் சவுக்குத் தோப்பில் ஒரு பாயை விரித்து, சங்கரா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும் போட்டார். ஸ்வாதிக்கு அப்போது ஆறு வயது, முள் என்றால் பயம். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சுறாப் புட்டு கொண்டுவந்தார். மூன்று பேரும் வயிறு வெடிக்கச் சாப்பிட்டோம். தலைக்கு நூற்றிருபது ரூபாய்.

அதன்பிறகு ரிசார்ட்டுக்குப் போகும்போதெல்லாம் அக்காவின் சாப்பாடுதான். முதல்நாளே சொல்லிவைத்தாலும் என்ன மீன் என்று சொல்லமாட்டார். காலையில் படகு வந்து, ஏலம் முடிந்து, மீன் கையில் கிடைத்த பிறகுதான் போன் வரும். “சார், இன்னிக்கு கானாங்கத்த கீது, இறா கொஞ்சம் கீது. இன்னா சொல்ற?” ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியைச் சோடா உப்பு போட்டுக் கழுவி, அதற்குள் சோற்றையும் குழம்பையும் தூக்குகளில் வைத்து மூடிக் கொண்டுவருவார். குளிர் வெளியே போகாத பெட்டியில் சூடும் போகாது. பிரதீபா வாங்கிய ஹாட்பாக்ஸ் அதன் பக்கத்தில் நிற்காது.

நாங்கள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அவர் கணவர் தணிகைவேல் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். கல்யாணமான வருடத்திலிருந்து பதினைந்து வருடம் அக்கா அலுமினியக் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு மதுராந்தகத்துக்குப் பஸ்ஸில் போய் விற்றிருக்கிறார். தெருத்தெருவாக வாடிக்கை. ஒருநாள் பஸ்ஸில் யாரோ மீன் நாற்றம் என்று சத்தம் போட, கண்டக்டர் கருங்குழியிலேயே இறக்கிவிட்டுவிட்டாராம்.

“எறக்கி வுட்டது கூட பெருசு இல்ல சார். வாரா வாரம் என்கிட்ட வஞ்சிரம் வாங்குவாரு ஒரு ஆளு. அதே பஸ்ல குந்திகினு இருந்தாரு. இந்தம்மா எனக்குத் தெரிஞ்சதுதான், வரட்டும் வுடுப்பான்னு ஒரு வார்த்த சொல்லல. ஜன்னலு பக்கம் திரும்பிக்கினாரு. அன்னியோட கூடைய வுட்டேன். வூட்டோட ஆக்கிப் போடலாம்னு வந்துட்டேன்.”

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாயில் அவர் வறுத்த மீனை வைத்துக்கொண்டு, “என்ன மனுஷன்க்கா அவன்! சோறு திங்கிறவன்தானா?” என்றேன். அக்கா சிரித்தார். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

போன வருடம் மே மாதம். வழக்கம்போல ரிசார்ட், வழக்கம்போல காலை எட்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன். மூன்று சாப்பாடு, பாப்பாவுக்குச் சுறாப் புட்டு, ஒரு மணிக்குத் தோப்பில் சந்திப்பது என்று பேச்சு. பத்து மணிக்கு நீச்சல் குளத்தருகே என் மேலதிகாரி ஹரிஹரன் சார் துண்டோடு எதிரே வந்தார். குடும்பத்தோடு அவரும் வந்திருக்கிறார். மனைவியிடம், “இவர்தான் பாலா, நம்ம செக்ஷன்ல ரொம்ப விவரமானவர்” என்று அறிமுகப்படுத்தினார். பிறகு, “மதியம் பஃபேல சேர்ந்து சாப்பிடலாமே” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வீறாப்பு வந்ததோ. “நாங்க ரூமுக்கே வரச் சொல்லிட்டோம் சார்” என்றேன். அறைக்கு வரவழைத்தால் பஃபேயைவிட விலை அதிகம் என்பது அவருக்கும் தெரியும். “பரவாயில்லையே!” என்றார். நான் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டேன்.

வளர்ந்தபின் தோப்பில் பாய் போட்டு உட்கார முடியுமா? கடற்கரையில் நடக்க வந்து அவர் பார்த்துவிட்டால்? அக்காவுக்குப் போன் செய்து, பெட்டியைக் கடற்கரை கேட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். நான் வாங்கி அறைக்கு எடுத்துப்போய்விடுவதாகத் திட்டம்.

“உள்ள சோறு எத்துனு வந்தா வுடமாட்டானுங்களே சார்.”

“நான் சொல்லிவச்சிருக்கேன்க்கா. நீங்க வாங்க.”

யாரிடமும் நான் ஒரு சொல்லும் சொல்லிவைத்திருக்கவில்லை. போய் வாங்கிக்கொண்டு வேகமாக வந்துவிடலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு ஸ்வாதியைக் கூட்டிக்கொண்டு கேட் பக்கம் போனபோது காரியம் கெட்டிருந்தது. அக்கா பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே இரண்டடி வந்து நிற்கிறார். செக்யூரிட்டி கையை நீட்டி மறித்துக்கொண்டிருக்கிறான். மானேஜரும் வந்துவிட்டார். பஃபேக்குப் போகிற வழியும் அதுதான் என்பதால் ஹரிஹரன் சாரும் அவர் மனைவியும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“யாரு வரச் சொன்னது?” என்று மானேஜர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். மானேஜரும் அந்தப் பார்வை போன வழியில் திரும்பினார்.

“சார், நீங்க சொல்லியிருந்தா சொல்லிடுங்க. வெளிச் சாப்பாட்டுக்கு ஆயிரம் ரூபா ஃபைன், அதோட முடிஞ்சுது. இல்ல, இவங்களா உள்ள வந்து கஸ்டமர்ங்களத் தொந்தரவு பண்றாங்கன்னா நான் வேற மாதிரிதான் பாக்கணும்.”

ஆமாம் என்று ஒரு சொல். மூன்று எழுத்தோ நான்கு எழுத்தோ. ஹரிஹரன் சார் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைங்க. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது” என்றேன்.

என் கையைப் பிடித்திருந்த ஸ்வாதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பது எனக்குத் தெரிந்தது. அதற்குள் அக்காவின் குரல் முந்திக்கொண்டது.

“ஆமா சார், அவுருக்கு என்னியத் தெரியாது. நான்தான் எடம் மாறி வந்துட்டேன். போறேன்.”

“இனிமே இந்தப் பக்கம் உங்களப் பார்த்தா போலீஸ்ல சொல்லிடுவேன்” என்றார் மானேஜர். அக்கா பெட்டியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“உங்க ஆர்டர் என்னாச்சு பாலா?” என்று ஹரிஹரன் சார் கேட்டார். கேன்சல் செய்துவிட்டேன் என்று அதற்கும் ஒரு பொய். பிரதீபாவைப் போனில் வரச்சொல்லி, மூன்று பேருக்குப் பஃபே டோக்கன் வாங்கினேன். ஆயிரம் ரூபாய் ஃபைனோடு முடிந்திருக்க வேண்டியவன் இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது கொடுத்து உட்கார்ந்தேன். ஸ்வாதி ஓர் அப்பளத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதைக்கூட உடைக்காமல் இருந்தாள்.

அறைக்கு வந்ததும் நடந்ததைப் பிரதீபாவிடம் ஸ்வாதிதான் சொன்னாள். பிரதீபா சத்தம் போடவில்லை. “பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பினவன என்ன கேள்வி கேட்டீங்க!” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்க ஆரம்பித்தாள். அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. ஊர் முன்னால் தலைகுனிவதெல்லாம் ஒன்றுமில்லை. துணி மடிக்கிற மனைவி ஏறிட்டுப் பார்க்காமல் இருப்பது தாங்காது.

மறுநாள் காலையில் தனியாகக் குப்பத்துக்குப் போனேன். தணிகைவேல் வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. அக்கா உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

“தப்பு பண்ணிட்டேன்க்கா” என்று ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் இரண்டை நீட்டினேன்.

ஒன்றை எடுத்துக்கொண்டார். உள்ளே போய் நூற்று நாற்பது ரூபாய் மீதி கொண்டுவந்தார். “மூணு சோத்துக்கு முன்னூத்தி அறுவது. மீனு காசு குட்த்து வாங்கினது, வுடுவனா? இன்னொரு நோட்டு இன்னாத்துக்கு?”

“நீங்க என்னைக் காப்பாத்துனீங்க...” என்று ஏதோ உளறினேன்.

“உன்னியவா?” அக்காவுக்குக் குரல் ஏறியது. “பாப்பா வாயத் தொறக்கப் போச்சு. எங்கப்பன் பொய் சொல்றான்னு அது வாயால அத்தினி பேரு முன்னால வர வாணாம்னு சொன்னேன். ஒனக்காவ ஒண்ணும் சொல்லல. அந்தச் சுறாப் புட்டு பாப்பாவுக்குன்னு தேங்கா அதிகமா போட்டு ஆக்கினது. தோப்புல மரம் வெட்டுற ஆளுங்களுக்குக் குட்த்துட்டேன். போ.”

வந்துவிட்டேன். அதன்பின் எட்டு மாதம் யார் கேட்டாலும் நம்பர் தொலைந்துவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கொடுத்தால் அவருக்கு நாலு சாப்பாடு வியாபாரம் ஆகும் என்று தெரியும். போகிறவர்கள் என் பெயரைச் சொல்வார்கள், அவர் நடந்ததைச் சொல்வார் என்ற பயத்தில் அந்த வியாபாரத்தையும் கெடுத்தேன்.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் ஹரிஹரன் சார் என்னைக் கூப்பிட்டார். அவர் நாகர்கோவில்காரர். ஊரிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறதாம். “மீனில்லாம அவங்களுக்கு ஒரு வேளை ஓடாது பாலா. உங்களுக்கு யாரையோ தெரியுமாமே, செக்ஷன்ல சொன்னாங்க.”

தொலைந்துவிட்டது என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் அன்று கேட்டில் அவர் பார்த்த அதே பார்வை. இந்தமுறை சொல்லிவிட்டேன். “அன்னைக்கு ரிசார்ட் கேட்ல ஒரு அம்மா பெட்டியோட நின்னாங்களே சார். அவங்கதான். நான்தான் வரச் சொன்னேன். உங்க முன்னாடி தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்காகவா? அட, என்ன பாலா நீங்க! அந்தப் பெட்டியிலேர்ந்து வந்த வாசனைக்கு நானே பின்னாடியே போயிருப்பேன். எங்க ரூம்ல அன்னைக்கு ராத்திரிக்கு வீட்லேர்ந்து கொண்டுவந்த சப்பாத்தி ஒளிச்சு வச்சிருந்தோம், தெரியுமா?”

நான் யாருக்காக அக்காவைத் தெரியாது என்றேனோ, அவருக்கு அது தேவையே இல்லை. நம்பரை எழுதிக்கொடுத்தேன். சொல்லிவிட்டதில் நெஞ்சில் கொஞ்சம் பாரம் குறைந்தாற்போலவும் இருந்தது. சார் போய்ச் சொல்வார், அக்கா இரண்டு திட்டு திட்டுவார், அடுத்தமுறை ஸ்வாதியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

பொங்கல் முடிந்து அலுவலகம் திறந்த அன்று அவர் அறைக்கு நானே போனேன்.

“பிரமாதம் பாலா! தோப்புல உட்கார்ந்து ஒன்பது பேர் சாப்பிட்டோம். என் அண்ணன் அந்த அம்மாவக் கையெடுத்துக் கும்பிட்டான்.”

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா சார்?”

ஹரிஹரன் சார் மேஜையில் இருந்த ஃபைலைத் திறந்தார்.

“பாலாதான் நம்பர் குடுத்தார்னு சொன்னேன். கல்பாக்கம் பாலா, ஸ்வாதியோட அப்பான்னு அடையாளமெல்லாம் சொன்னேன். பாப்பா நல்லாருக்கான்னு கேட்டாங்க.”

“நான் சார்?”

“அவுரு யாருன்னு தெரியாது சார்னாங்க.”